நேர்காணலுக்கு அழைத்துவிட்டார்கள், இனி எதைப் படிப்பது?

கேள்வி: அமெரிக்காவில் நுண்ணுயிரியல் முதுநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். பிஎச்.டி.க்கு விண்ணப்பித்ததில் மூன்று பல்கலைக்கழகங்களின் உயிரியல் துறைகள் நேர்காணலுக்கு அழைத்திருக்கின்றன. இரண்டுக்கு நேரில் போக வேண்டும், வியாழன் மாலை முதல் சனி வரை. மூன்றாவது ஜூமில். ஒவ்வோர் இடத்திலும் ஐந்து பேராசிரியர்களாவது பேசுவார்களாம். அவர்களுடைய கட்டுரைகளை இறக்கி வைத்திருக்கிறேன், நாற்பதுக்கு மேல் இருக்கிறது. எங்கே தொடங்குவதென்று புரியவில்லை. ஈ.கோலை பாக்டீரியா மருந்தை வெளியே தள்ளும் பம்பைப் பற்றியது என் தீசிஸ், அது இன்னும் முடியவில்லை. ஒரு பாடத்தில் சி கிரேடு வேறு. உதவித்தொகை பற்றி நானாகக் கேட்கலாமா? என்ன உடுத்திக்கொண்டு போவது? "கூப்பிட்டாலே எடுத்துக்கொண்ட மாதிரிதான், மற்றதெல்லாம் சம்பிரதாயம்" என்று தோழிகள் சொல்கிறார்கள். உண்மையா? — பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தோழிகள் சொல்வது எல்லாத் துறைக்கும் பொருந்தாது. வேதியியலிலும் பொறியியலின் பல பிரிவுகளிலும் இடம் கொடுத்த பிறகுதான் வளாகத்தைப் பார்க்க அழைப்பார்கள். அங்கே உங்களை இழுப்பதுதான் அவர்கள் வேலை. உயிரியல், உயிர்மருத்துவத் துறைகளில் பெரும்பாலும் நேர்காணல் முடிந்த பிறகுதான் முடிவு. எடுக்கப்போவதைவிட அதிகம் பேரை அழைப்பார்கள். அழைப்புக் கடிதத்தை மறுபடி படியுங்கள். "இடம் அளிக்கிறோம்" என்ற வாசகம் இல்லாமல் "நேர்காணல்" என்று மட்டும் இருந்தால் அது நேர்காணல்தான்.

ஆனால் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மதிப்பெண், பரிந்துரைக் கடிதங்கள், உங்கள் நோக்கக் கட்டுரை எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் அழைத்திருக்கிறார்கள். சி கிரேடும் அவர்கள் கண்ணில் பட்டிருக்கும், பட்டும் அழைத்திருக்கிறார்கள். இனிமேல் அவர்கள் பார்க்க வேண்டியது காகிதத்தில் கிடைக்காதவற்றை. செய்த வேலையை நீங்களே புரிந்து செய்தீர்களா? ஒரு தட்டுத் தட்டினால் யோசிக்கிறீர்களா, மனப்பாடம் ஒப்பிக்கிறீர்களா? ஐந்தாறு வருடம் ஒரே ஆய்வகத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யத் தோதான ஆளா?

அதனால் நாற்பது கட்டுரைகளை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். தயாரிப்பு நேரத்தில் பெரும்பங்கு உங்கள் சொந்த ஆய்வுக்குப் போக வேண்டும். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பேராசிரியரின் கட்டுரைகளைக் கரைத்துக் குடித்துவிட்டுப் போவார்கள். அவரோ "உங்கள் வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றுதான் ஆரம்பிப்பார். அரை மணி நேரத்தில் இருபது நிமிடம் அதிலேயே போய்விடும்.

உங்கள் ஆய்வைச் சொல்ல மூன்று அளவுகள் வேண்டும். இரவு விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டால் சொல்ல அரை நிமிடம். நேர்காணலின் தொடக்கத்துக்கு இரண்டு நிமிடம். வெள்ளைப் பலகையில் படம் போட்டு விளக்கப் பத்து நிமிடம். இவற்றில் இரண்டு நிமிடம்தான் கடினம், அதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நீங்கள் எழுதியதை வைத்து ஒரு மாதிரி தருகிறேன். எண்கள் உதாரணத்துக்கு, உங்களுடையதை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்:

"உள்ளே வரும் மருந்தைத் திருப்பி வெளியே தள்ளும் பம்புகள் பாக்டீரியாவிடம் உண்டு. ஈ.கோலையில் முக்கியமானது ஏசிஆர்ஏபி-டோல்சி. சத்து நிறைந்த ஊடகத்தில் இந்தப் பம்பை முடக்கினால் சிப்ரோஃபிளாக்சசினுக்கு பாக்டீரியா எளிதில் அடங்கிவிடும், இது தெரிந்த விஷயம். சத்துக் குறைந்து, மெதுவாக வளரும்போதும் பம்பு அதே அளவுக்குக் காப்பாற்றுகிறதா என்பது என் கேள்வி. பம்பின் ஒரு பகுதிக்கான ஏசிஆர்பி மரபணுவை நீக்கிய வகையையும் நீக்காத வகையையும் இரண்டு ஊடகங்களிலும் வளர்த்து எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவு) அளந்தேன். சத்து நிறைந்ததில் எட்டு மடங்கு வித்தியாசம் வந்தது, குறைந்ததில் இரண்டு மடங்குதான். மெதுவாக வளர்வதால் அப்படியா, பம்பே குறைவாக உற்பத்தியாகிறதா என்று இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

இதில் பின்னணி மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது. கேள்வி தனி வாக்கியமாக நிற்கிறது. செய்தது, கிடைத்தது, அடுத்தது என்று போகிறது. பலர் பின்னணிக்கே ஒன்றரை நிமிடம் கொடுத்து, மருந்து எதிர்ப்பு உலகுக்கு எவ்வளவு பெரிய ஆபத்து என்று விளக்குவார்கள். எதிரே இருப்பவர் அதில் இருபது வருடமாக இருக்கிறார்.

சோதனை இதற்குப் பிறகுதான். நல்ல பேராசிரியர் உங்கள் பலவீனமான எண்ணைத்தான் முதலில் தொடுவார்:

"இரண்டு மடங்கு என்றீர்கள். அது வித்தியாசம்தானா?"

எம்ஐசி அளக்கும்போது மருந்தின் செறிவைச் சோதனைத் தட்டின் ஒவ்வொரு குழியிலும் பாதியாக்கிக்கொண்டே போகிறோம். அளவீடு ஒரு குழி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்வது அந்த முறைக்கே உள்ள தடுமாற்றம். ஆக இரண்டு மடங்கு என்பது ஒரே ஒரு குழி. "மூன்று தடவை செய்தேன், மூன்றிலும் அப்படியே வந்தது" என்பது சுமாரான பதில். "ஒரு குழி வித்தியாசத்தை இந்த முறையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. எட்டு மடங்கு இரண்டாகச் சுருங்கியதைத்தான் நான் முடிவாக எடுத்துக்கொள்கிறேன். அந்த இரண்டு உண்மையா என்று பார்க்க, செறிவுகளை நெருக்கமாக வைத்து வளர்ச்சி வரைகோடு எடுக்க வேண்டும்" என்பது நல்ல பதில். தன் தரவு எவ்வளவு தாங்கும் என்பது இவருக்குத் தெரிகிறது என்று கேட்பவர் குறித்துக்கொள்வார்.

அடுத்த கேள்விகளையும் இதே திசையில் எதிர்பாருங்கள். மரபணுவை நீக்கியபோது பக்கத்து மரபணு கெடவில்லை என்பது எப்படித் தெரியும்? (பிளாஸ்மிட் என்ற சிறு டிஎன்ஏ வளையத்தில் ஏசிஆர்பியைத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தீர்களா?) நீக்கிய வகை மருந்து இல்லாதபோதும் மெதுவாக வளர்கிறதா? ஏன் சிப்ரோஃபிளாக்சசின், அந்தப் பம்பு வெளியேற்றாத மருந்து ஒன்றைக் கட்டுப்பாடாக வைத்தீர்களா? பணமும் நேரமும் தாராளமாகக் கொடுத்தால் அடுத்து என்ன செய்வீர்கள்? உங்கள் ஒவ்வொரு படத்துக்கும் இப்படி நான்கைந்து கேள்வியை நீங்களே எழுதிப் பதில் தேடுங்கள். பதில் இல்லாதவற்றுக்கு "அதைச் செய்யவில்லை, செய்வதென்றால் இப்படிச் செய்வேன்" என்பதே போதும். தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லி மாட்டிக்கொள்வதுதான் நேர்காணலில் ஆளைக் கவிழ்க்கும்.

தீசிஸ் முடியாதது குறையே இல்லை. முடியாத ஆய்வில்தான் பேச நிறைய இருக்கும்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. அடக்கம் கருதி எல்லாவற்றுக்கும் "நாங்கள் செய்தோம்" என்பது. கேட்பவருக்கு நீங்கள் எதைச் செய்தீர்கள் என்பது தெரிய வேண்டும். குளோனிங்கைச் சீனியர் செய்து கொடுத்திருந்தால் அதைச் சொல்லுங்கள். எம்ஐசியை நீங்கள் அளந்திருந்தால் "நான்" என்றே சொல்லுங்கள். இரண்டும் பிரிந்து தெரிந்தால்தான் உங்கள் பங்கு நம்பும்படி இருக்கும்.

ஒத்திகை இரண்டு முறையாவது வேண்டும். ஒன்று உங்கள் ஆய்வகத்தின் போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்த ஆய்வாளர்) ஒருவரோடு, இரக்கமில்லாமல் குறுக்குக் கேள்வி கேட்கச் சொல்லி. இன்னொன்று உங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாதவரோடு. ஐந்து பேராசிரியர்களில் இரண்டு பேராவது நுண்ணுயிரியலே தெரியாதவர்களாக, நரம்பணு ஆட்களாகவோ கணினி உயிரியலாளர்களாகவோ இருப்பார்கள். கைபேசியில் பதிவு செய்து கேளுங்கள். கேட்கச் சகிக்காது, ஆனாலும் கேளுங்கள். எந்த இடத்தில் வேகம் பிடிக்கிறீர்கள், எந்த வாக்கியம் முடியாமல் தொங்குகிறது என்பது வேறு எப்படியும் தெரியாது.

இப்போது அந்த நாற்பது கட்டுரைகளுக்கு வரலாம். ஒருவருக்கு ஒரு கட்டுரை, சமீபத்தியது. சுருக்கம், படங்கள், கடைசிப் பத்தி. அதோடு ஆய்வகத்தின் இணையப் பக்கம். ஆளுக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முடிவில் உங்கள் கையில் ஒரே ஒரு உண்மையான கேள்வி இருந்தால் போதும்: "நான்காவது படத்தில் இந்த வகைக்கு மட்டும் எதிர்மாறாக வந்திருக்கிறதே, ஏன்?" போன்றது. "உங்கள் ஆய்வு மிகவும் சுவாரசியமாக இருந்தது" என்பது கேள்வி இல்லை. யார் யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்ற பட்டியல் சில இடங்களில் இரண்டு நாள் முன்புதான் வரும், கடைசி நேரத்தில் பெயர்கள் மாறுவதும் உண்டு. அதனாலும் ஒருவருக்காக ஐந்து கட்டுரை படிப்பது வீண்.

கட்டுரையைவிடப் பயனுள்ள இடம் ஒன்று இருக்கிறது, பலர் தொடுவதே இல்லை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் (என்ஐஎச்) ரிப்போர்ட்டர் என்ற பொதுத் தரவுத்தளத்தில் பேராசிரியரின் பெயரைப் போட்டால் அவருக்கு என்ன நிதி இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்பது வந்துவிடும். என்எஸ்எஃப் (தேசிய அறிவியல் அறக்கட்டளை) நிதிக்கும் இதே போலத் தேடும் வசதி உண்டு. என்ஐஎச்சின் ஆர்01 வகை ஆய்வு நிதி நான்கைந்து வருடத்துக்குக் கிடைக்கும். அது அடுத்த வருடம் முடிகிறது, வேறெதுவும் இல்லை என்றால், நீங்கள் சேர்ந்து ஆய்வகம் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அவரால் மாணவரை எடுக்க முடியாமல் போகலாம். 2025-இல் கூட்டரசு நிதி தடுமாறியபோது சில பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களையே குறைத்தன. அதற்குப் பிறகு இதைப் பார்க்காமல் போவது அசட்டுத்தனம். ஆனால் நேர்காணலில் "உங்கள் நிதி எப்போது முடிகிறது?" என்று முகத்துக்கு நேரே கேட்காதீர்கள். "அடுத்த வருடம் மாணவர்களை எடுப்பீர்களா, என்ன மாதிரி ரொட்டேஷன் இருக்கும்?" என்றாலே தேவையான பதில் வந்துவிடும். (ரொட்டேஷன் என்பது ஆய்வகத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் சில ஆய்வகங்களில் மாறி மாறிச் சிறிது காலம் வேலை பார்ப்பது.)

எல்லா இடத்திலும் வரும் பொதுக் கேள்விகள் சில: ஏன் பிஎச்.டி., ஏன் இங்கே, தோற்றுப்போன ஒரு பரிசோதனை, வேறு எங்கெல்லாம் நேர்காணல். கடைசிக் கேள்விக்கு உள்ளதைச் சொல்லுங்கள், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் வரிசைப்படுத்தாதீர்கள். "ஏன் பிஎச்.டி."க்குச் சிறு வயதிலிருந்தே அறிவியல் பிடிக்கும் என்று தொடங்க வேண்டாம், அதை அன்று அவர்கள் பத்தாவது தடவையாகக் கேட்பார்கள். உங்கள் தீசிஸில் விடை கிடைக்காமல் உறுத்தும் ஒன்றிலிருந்து தொடங்குங்கள். "ஏன் இங்கே" என்பதற்கு அந்தத் துறையில் குறைந்தது மூன்று ஆய்வகங்களின் பெயர் வேண்டும். ஒருவரை மட்டும் சொன்னால், அவர் மாணவர் எடுக்காத வருடமாக இருந்தால் நீங்கள் அங்கே பொருந்தாதவர் ஆகிவிடுவீர்கள். சி கிரேடு பற்றிக் கேட்டால் இரண்டு வாக்கியம் போதும்: என்ன நடந்தது, அதற்குப் பிறகு அதே பொருளில் என்ன செய்தீர்கள். கேட்காவிட்டால் நீங்களாக எடுக்க வேண்டாம்.

நேரில் போகும் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரை மணி அரை மணியாக நான்கு முதல் ஆறு நேர்காணல், நடுவே கட்டடம் விட்டுக் கட்டடம் ஓட்டம், மதியச் சாப்பாடு மாணவர்களோடு, பிற்பகல் போஸ்டர், இரவு விருந்து. நான்காவது நேர்காணலில் உங்கள் குரலே உங்களுக்கு அலுத்துவிடும். அதே இரண்டு நிமிடத்தை அங்கேயும் முதல் தடவை சொல்வது போலச் சொல்ல வேண்டும். தண்ணீர் பாட்டிலும் கொறிக்க ஏதாவதும் பையில் இருக்கட்டும். வாயில் உணவோடு ஆய்வை விளக்கும் நிலை வரும் என்பதால் காலை உணவை நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள். சைவமா, எதுவும் ஒவ்வாதா என்பதைப் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். விருந்தில் மது இருக்கும், வேண்டாமென்றால் காரணம் சொல்லத் தேவையில்லை. குடிப்பவர்களுக்கும் அன்று ஒன்றோடு நிறுத்துவது நல்லது.

நேர்காணல் அறைக்குள் மட்டும்தான் நடக்கிறது என்று நினைக்காதீர்கள். உங்களை விமான நிலையத்திலிருந்து கூட்டிவரும் மாணவரிடமும், விருந்தில் பக்கத்தில் உட்காருபவரிடமும் பிறகு கருத்துக் கேட்கும் துறைகள் நிறைய. துறையின் ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடம் எரிந்து விழுந்த விண்ணப்பதாரரின் கதை தேர்வுக் குழு அறைக்குள் போய்ச் சேராமல் இருக்காது. அதே சமயம் மாணவர்கள் எதிரே விறைத்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம்.

பேராசிரியரை "புரொஃபசர்" அல்லது "டாக்டர்" என்று குடும்பப் பெயரோடு கூப்பிடுங்கள். அவரே முதல் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் அப்படியே கூப்பிடுங்கள், வாய் கூசினாலும். வாக்கியத்துக்கு வாக்கியம் "சார்", "மேடம்" அங்கே மரியாதையாகக் கேட்காது, பயமாகக் கேட்கும். திருமணம் ஆயிற்றா, குழந்தை பெறும் எண்ணம் உண்டா, என்ன மதம் என்பதெல்லாம் அங்கே நேர்காணலில் கேட்கக் கூடாத கேள்விகள். ஆனாலும் பேச்சுவாக்கில் யாராவது கேட்டுவிடுவார்கள். "என் ஆய்வுக்கு அது தடையாக இருக்காது" என்று சிரித்துச் சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடலாம். வற்புறுத்திக் கேட்டால் அன்று மாலையே குறித்துவைத்து, துறையின் பட்டப்படிப்பு இயக்குநருக்கு (டைரக்டர் ஆஃப் கிராஜுவேட் ஸ்டடீஸ்) தெரிவியுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்று. அந்த இரண்டு நாளும் நீங்கள் தேர்வு எழுதப் போகிறவர் மட்டுமில்லை, பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டையும் நோட்டம் விடும் மணப்பெண் மாதிரி, அவர்களை நீங்களும் பார்க்க வேண்டியவர். பிஎச்.டி. பெரும்பாலும் கெடுவது தவறான ஆய்வுத் தலைப்பால் அல்ல, தவறான வழிகாட்டியால். வழிகாட்டியைப் பற்றிய உண்மை அவருடைய மாணவர்களிடம்தான் கிடைக்கும், அதுவும் அவர் இல்லாத இடத்தில்.

என்ன கேட்பது? "உங்கள் பிஐ (ஆய்வகத் தலைவர்) எப்படி?" என்று கேட்டால் "ரொம்ப நல்லவர்" என்றுதான் வரும். எண்ணாகவோ நடந்ததாகவோ பதில் வரும்படி கேளுங்கள். அவரைத் தனியாகச் சந்திப்பது வாரம் ஒரு முறையா, மாதம் ஒரு முறையா? கட்டுரையின் வரைவைக் கொடுத்தால் எத்தனை நாளில் திருத்தி வருகிறது? கடைசியாகப் பட்டம் வாங்கிய மூன்று பேர் எத்தனை வருடத்தில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? முடிக்காமல் போனவர்கள் உண்டா, ஏன்? கடைசியாக நீங்கள் விடுமுறை எடுத்தது எப்போது? கட்டுரையின் முதலாசிரியர் யாரென்பதில் தகராறு வந்தால் எப்படித் தீர்ப்பார்? ஒரே கேள்வியை மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் புலம்பினால் அது அவர் மனநிலையாக இருக்கலாம். மூன்று பேரும் ஒரே இடத்தில் தயங்கினால் அங்கே ஏதோ இருக்கிறது.

பூடகமாகச் சொல்வதையும் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். "இங்கே ரொம்பச் சுதந்திரம்" என்றால் பிஐ மாதக்கணக்கில் கண்ணில் படமாட்டார் என்று அர்த்தமாக இருக்கலாம், தொடர்ந்து "கடைசியாக எப்போது பேசினீர்கள்?" என்று கேளுங்கள். "அவர் எதிர்பார்ப்பு அதிகம்" என்றால் சனி, ஞாயிறு எப்படி என்று கேளுங்கள். "அது ஆளைப் பொறுத்தது" என்று சொல்லிவிட்டு இன்னொருவரைப் பார்த்தால், அந்தப் பார்வையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆய்வகத்து மாணவர்களை மட்டும் விருந்தில் காணவே இல்லை என்றால் ஏன் என்று விசாரியுங்கள்.

பேராசிரியரிடமும் கேட்கலாம்: "ரொட்டேஷன் முடிந்ததும் ஒரு மாணவரை எடுப்பதா வேண்டாமா என்பதை எதை வைத்து முடிவு செய்வீர்கள்? எப்படிப்பட்ட மாணவருக்கு உங்கள் ஆய்வகம் ஒத்துவராது?" இரண்டாவது கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்பவர் நல்ல அறிகுறி. உதவிப் பேராசிரியராக இருந்தால் பணி நிரந்தரம் எப்போது முடிவாகும் என்பதைத் துறையின் மற்றவர்களிடம் விசாரியுங்கள். நீங்கள் மூன்றாம் வருடத்தில் இருக்கும்போது அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் உங்களுக்கு என்ன ஏற்பாடு என்பது நியாயமான கேள்வி, அதைப் பட்டப்படிப்பு இயக்குநரிடம் கேட்க வேண்டும்.

உதவித்தொகை பற்றித் தாராளமாகக் கேட்கலாம். அரை மணி நேர்காணலில் பேராசிரியரிடம் வேண்டாம், இயக்குநரிடமோ ஒருங்கிணைப்பாளரிடமோ கேளுங்கள். தொகை எவ்வளவு என்பது இணையப் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும். கேட்க வேண்டியது அதன் நிபந்தனைகளை. பன்னிரண்டு மாதத்துக்கா, ஒன்பது மாதத்துக்கா? ஒன்பது என்றால் கோடையில் யார் கொடுப்பது? மருத்துவக் காப்பீட்டுத் தவணை, மாணவர் கட்டணங்கள் அதிலிருந்தே பிடிக்கப்படுமா? எத்தனை வருடத்துக்கு எழுத்தில் உறுதி? எத்தனை பருவம் மாணவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டும்? எஃப்-1 மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரத்துக்கு மேல் வளாகத்தில் வேலை செய்ய முடியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு மாணவர்கள் தனியாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. உயிரியல் துறைகள் பலவும் முதல் இரண்டு வருட மாணவர்களை என்ஐஎச்சின் டி32 பயிற்சி நிதியில் வைத்திருக்கும். அது அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும் மட்டும். என்எஸ்எஃப் கொடுக்கும் ஆய்வு மாணவர் நிதியும் அப்படித்தான். ஆக "என் போன்ற மாணவர்களுக்கு முதல் இரண்டு வருடம் எங்கிருந்து வருகிறது? அதனால் நான் சேரக்கூடிய ஆய்வகங்கள் குறையுமா?" என்று கேளுங்கள். சில பிஐக்கள் வெளிநாட்டு மாணவரை எடுக்கத் தயங்குவதற்கு இதுதான் காரணம், உங்கள் திறமை இல்லை. அங்கே இப்போது படிக்கும் வெளிநாட்டு மாணவர் ஒருவரிடம் கேட்டால் பத்து நிமிடத்தில் நிலைமை புரிந்துவிடும். தொகை அந்த ஊர் வாடகைக்குக் காணுமா என்பதையும் அவரே சொல்வார்.

உடை பெரிய விஷயமில்லை. இஸ்திரி போட்ட சட்டை, பேன்ட், மேலே ஸ்வெட்டரோ பிளேசரோ. சல்வாரும் சரிதான். கோட்டு சூட்டு வேண்டாம். செருப்பில்தான் கவனம் தேவை: நாள் முழுக்க நடக்க வேண்டும், பிப்ரவரியில் பனியிலும் நடக்க நேரலாம், புதுச் செருப்போடு போகாதீர்கள். பெட்டியைக் கையோடு விமானத்துக்குள் எடுத்துச் செல்லுங்கள், நேர்காணல் உடை வேறு ஊருக்குப் போய்விடக் கூடாது. அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் வைத்துக்கொள்ளுங்கள். 2025 மே முதல் உள்நாட்டு விமானத்துக்கும் சாதாரண ஓட்டுநர் உரிமம் போதாது, ரியல் ஐடி தரத்தில் உள்ள உரிமமோ பாஸ்போர்ட்டோ வேண்டும். செலவைத் துறை ஏற்கும், ஆனால் முன்பதிவு செய்வது அவர்களா, நீங்கள் செய்து பிறகு வாங்கிக்கொள்வதா என்பதை முதலிலேயே கேளுங்கள். பின்னதென்றால் பணம் திரும்பி வரப் பல வாரம் ஆகும். விவரம் பிரித்துப் போட்ட ரசீதுகளையும் போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்துங்கள், பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) பிரதிகளையும் கேட்பார்கள். கையில் பணம் இல்லை என்றால் "நீங்களே டிக்கெட் போட முடியுமா?" என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம், ஒருங்கிணைப்பாளர்களுக்கு இது அன்றாடம். இரண்டு இடமும் ஒரே வார இறுதியில் வந்தால் அன்றே மின்னஞ்சல் எழுதி மாற்றுத் தேதி கேளுங்கள்.

ஜூம் நேர்காணலில் அடிக்கடி தவறுவது நேரம். அழைப்பு கிழக்கு நேரத்தில் இருக்கும், நீங்கள் மத்திய நேரத்தில் இருப்பீர்கள். மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும், அரிசோனாவின் பெரும்பகுதியில் போகாது. காலெண்டரில் நேர மண்டலத்தோடு சேர்த்துப் போடுங்கள். உங்கள் முக்கியமான படம் ஒன்றை ஒற்றைச் ஸ்லைடாக வைத்துக்கொண்டு, திரையைப் பகிர்ந்து முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். மேக் கணினியில் முதல் தடவை திரையைப் பகிர அனுமதி கொடுத்துவிட்டு ஜூமை மூடித் திறக்க வேண்டும், நேர்காணல் நடுவே அது நடந்தால் பதறிப்போவீர்கள். வெளிச்சம் முகத்துக்கு முன்னாலிருந்து வரட்டும். கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும், நாலு தடிப் புத்தகம் அடியில் வைத்தால் சரியாகிவிடும். குறிப்புகளைத் திரையில் வைத்துப் படித்தால் கண் ஓடுவது தெளிவாகத் தெரியும். ஒரு தாளில் சொற்களாக மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஜூமில் போகும் இடத்தில் மாணவர்களோடு உரையாட வாய்ப்பு குறைவு, அதனால் இரண்டு மாணவர்களோடு தனியாகப் பேச ஏற்பாடு செய்யும்படி நீங்களே கேட்டு வாங்குங்கள்.

ஒவ்வொரு நாள் இரவும் தூங்கும் முன், யாரோடு என்ன பேசினீர்கள், மாணவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதிவிடுங்கள். மூன்றாவது இடம் முடிவதற்குள் முதல் இடம் கலங்கிவிடும். ஓரிரு நாளில் ஒவ்வொரு பேராசிரியருக்கும் நன்றி மின்னஞ்சல், நான்கைந்து வரி, பேசியதில் குறிப்பான ஒன்றைத் தொட்டு. அதனால் இடம் கிடைத்துவிடாது. அவர் சொன்ன கட்டுரையைப் படித்துவிட்டு எழுதினால் மதிப்பு.

முடிவு சில நாளிலும் வரலாம், பல வாரமும் ஆகலாம். காத்திருப்புப் பட்டியலும் உண்டு. உதவித்தொகையோடு இடம் கொடுத்தால், கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற மன்றத்துடைய ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் அந்தத் தேதிக்கு முன் உங்களைப் பதில் சொல்லும்படி நெருக்கக் கூடாது. பட்டியல் மன்றத்தின் இணையப் பக்கத்தில் இருக்கிறது. "வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்" என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்தத் தீர்மானத்தைக் குறிப்பிட்டு, ஏப்ரல் 15 வரை அவகாசம் உண்டல்லவா என்று பணிவாக எழுதிக் கேளுங்கள். ஆனால் போகப்போவதில்லை என்று தெரிந்த இடத்துக்கு அந்தத் தேதிவரை மௌனமாக இருக்காதீர்கள். தெரிந்த அன்றே இரண்டு வரியில் மறுத்து எழுதிவிட்டால், அங்கே காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் ஒருவருக்கு மார்ச்சிலேயே அழைப்புப் போகும்.